லாரியின் முதுகில் நான்கு இலக்கம்



சென்ற ரமலானுக்குச் சில நாட்கள் முன்பு, நோன்புக் கஞ்சிக்குத் தண்ணீர் பிடித்து வைக்க நீல நிற பிளாஸ்டிக் பேரல் இரண்டு வாங்கினோம். பழைய சாமான் கடையில்தான் வாங்கினோம். புதிது வாங்கும் விலையில் பாதிகூட ஆகவில்லை. அறக்கட்டளைக் காசு, சிக்கனம் பார்க்கத்தானே வேண்டும். பண்டாரி பாய் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காய வைத்திருந்தார்.

மறுநாள் அஸர் தொழுகைக்கு வந்த நம் தெருப் பையன் ஒருவன், கல்லூரியில் வேதியியல் படிக்கிறவன், பேரலைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, இந்த லேபிளைப் பாத்தீங்களா?"

பாதிக்கு மேல் கிழிந்த லேபிள். நுனியில் நின்ற சதுரத்துக்குள் மங்கிப்போன மண்டையோடு. அதன் பக்கத்தில் நான்கு இலக்க எண், 3018.

"நல்லாக் கழுவிட்டேன் தம்பி, வாசனைகூட இல்லே" என்றார் பண்டாரி பாய்.

"இது கழுவினாப் போற சாமான் இல்லே பாய். இது பூச்சிமருந்து வந்த பேரல்."

3018 என்பது ஆர்கனோபாஸ்பரஸ் வகையைச் சேர்ந்த, நச்சுத் தன்மையுள்ள திரவப் பூச்சிக்கொல்லிக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் எண். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் என்று வயல் வேலை தெரிந்தவர்கள் வாயில் புரளும் பெயர்களெல்லாம் அந்தக் குடும்பம்தான். நரம்பைத் தாக்கும் விஷம். பிளாஸ்டிக் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே கழுவினாலும் உள்ளே ஊறியது பிறகு தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரில்தான் தினமும் நூற்றுக்கணக்கான பேருக்குக் கஞ்சி காய்ச்ச இருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், ஒரு நாளும் காய்ச்சவில்லை.

அந்தப் பையன் படித்த எண்ணை நம்மில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்? எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். படித்ததை இந்த இதழில் எழுதுகிறேன். இது பேரலோடு நிற்கிற விஷயம் இல்லை. நம் ஊர் வழியாக இரவு பகலாகப் போகிற டேங்கர் லாரிகளின் முதுகில் எழுதியிருப்பதும் இதே எண்கள்தான்.

எண் எங்கிருந்து வந்தது

ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர். கம்பெனி ஒரு பெயர் வைக்கும், கடைக்காரர் ஒரு பெயர் சொல்வார், வேதியியல் புத்தகத்தில் இன்னொரு பெயர் இருக்கும். ஒரு நாட்டில் கப்பலில் ஏற்றி இன்னொரு நாட்டில் இறக்கும்போது விபத்து நடந்தால், உள்ளே இருப்பது என்ன என்று கண்டுபிடிப்பதற்குள் காரியம் கைமீறிவிடும். அதற்காக ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றம் அமைத்த நிபுணர் குழு 1956-இல் முதல் பரிந்துரைகளை வெளியிட்டது. அட்டையின் நிறத்தை வைத்து அதை ஆரஞ்சுப் புத்தகம் என்பார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருத்திப் புதுப்பிக்கிறார்கள்.

ஆபத்தான ஒவ்வொரு பொருளுக்கும், அல்லது ஒரே மாதிரி ஆபத்துள்ள பொருட்களின் கூட்டத்துக்கும், நான்கு இலக்க எண் ஒன்று. எண்ணுக்குள் சூத்திரம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ரேஷன் கார்டு எண் மாதிரி, அடையாளத்துக்கு மட்டும். வெடிபொருட்களின் எண் சுழியத்தில் தொடங்கும். மற்றவை 1001-இல் தொடங்குகின்றன. அந்த 1001 யார் என்றால், நம் வெல்டிங் பட்டறைகளில் நிற்கும் அசிட்டிலின் கேஸ்.

நம் பகுதியில் கண்ணில் படக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். பெட்ரோல் 1203, டீசல் 1202, மண்ணெண்ணெய் 1223. சமையல் கேஸ் 1075. பூமியிலிருந்து எடுத்தபடி வரும் கச்சா எண்ணெய் 1267. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறுகள் இருப்பதால் இந்த எண் நமக்கு அன்னியமில்லை. குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரின் வாயு 1017. ஐஸ் கம்பெனிகளில் குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா 1005. கந்தக அமிலம் 1830. கழிவறை கழுவும் ஆசிட் என்று நாம் சொல்லும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1789. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தொலைக்காட்சியில் விடாமல் காட்டினார்களே, ஆஸ்பத்திரிகளுக்கு ஓடிய திரவ ஆக்சிஜன் டேங்கர்கள், அவற்றின் எண் 1073.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மெத்தனாலுக்கு 1230. அதற்கு இரண்டு லேபிள் ஒட்ட வேண்டும், ஒன்று தீப்பற்றும் திரவம் என்பதற்கு, இன்னொன்று விஷம் என்பதற்கு. குடித்தவர்கள் கையில் கிடைத்த பாக்கெட்டில் இரண்டுமே இல்லை.

எண்ணோடு கூட, பொருட்களை ஒன்பது வகுப்பாகவும் பிரித்திருக்கிறார்கள். வெடிபொருள் முதல் வகுப்பு. வாயுக்கள் 2, தீப்பற்றும் திரவங்கள் 3, தீப்பற்றும் திடப்பொருட்கள் 4, தீயை வளர்க்கும் பொருட்கள் 5, நச்சும் நோய்க்கிருமியும் 6, கதிரியக்கம் 7, அரிக்கும் பொருள் 8, இவை எதிலும் அடங்காதவை 9. ஒவ்வொரு வகுப்புக்கும் நுனியில் நிற்கும் சதுரம் ஒன்று. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் படம் போட்டிருக்கிறார்கள். சிவப்பில் தீச்சுவாலை என்றால் எரியும். வெள்ளையில் மண்டையோடு என்றால் விஷம். மேலே வெள்ளை, கீழே கறுப்பு, ஒரு கையின் மேல் திரவம் சொட்டுவது போல் படம் என்றால் ஆசிட் போன்ற அரிக்கும் பொருள். நீலத்தில் தீச்சுவாலை இருந்தால் கவனம் தேவை. அது தண்ணீர் பட்டால் ஆபத்து என்று பொருள்.

அந்த நீலச் சதுரம் நெல் விளையும் ஊருக்கு வேண்டிய படம். அரிசி ஆலைகளிலும் கிடங்குகளிலும் வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இருக்கிறதே, அது ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற கொடிய வாயுவை விடும். அந்தப் பொருளின் எண் 1397. பூச்சிக்கொல்லியாகத் தயாரித்து விற்கும்போது 3048. பெருமழைக் காலத்தில் கிடங்குக்குள் தண்ணீர் ஏறினால் அந்த டப்பா எங்கே இருக்கிறது என்று கிடங்கில் வேலை செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு அரிசிக்கு வண்டு பிடிக்கிறது என்று யாராவது தெரிந்தவர் மூலம் இரண்டு மாத்திரை வாங்கி வந்து படுக்கையறை மூட்டைக்குள் வைப்பதும் நம்மிடையே உண்டு. தயவுசெய்து வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும், சொல்லிவிடுகிறேன். பூச்சிமருந்துப் பாட்டிலில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் வேறு கணக்கு. அது நம் நாட்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி விஷத்தின் கடுமையைச் சொல்வது. சிவப்பு மிகக் கடுமை, பிறகு மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. அந்த நீலத்துக்கும் லாரியில் ஒட்டும் நீலத்துக்கும் சம்பந்தமில்லை. பச்சை என்றால் பயமில்லை என்றும் அர்த்தமில்லை, விஷம் குறைவு, அவ்வளவுதான்.

டேங்கரின் பலகையைப் படிப்பது எப்படி

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த இரவு, ஓடிய மக்களுக்கு எதிலிருந்து ஓடுகிறோம் என்று தெரியாது. அதற்குப் பிறகுதான் நம் நாட்டில் சட்டங்கள் இறுகின. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 129-இலிருந்து 137 வரை ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்காகவே எழுதப்பட்டவை.

அதில் 134-ஆம் விதி, அவசரத் தகவல் பலகை பற்றியது. வண்டியின் இரண்டு பக்கமும் பின்பக்கமும், ஆக மூன்று இடத்தில் பலகை இருக்க வேண்டும். சரக்கின் சரியான பெயர், வகுப்பின் சதுரப் படம், விபத்து நடந்தால் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண், சரக்கை அனுப்பியவரின் அல்லது விவரம் சொல்லக்கூடியவரின் எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தொலைவிலிருந்து படிக்கும்படி எழுத்தின் உயரம்கூட விதியில் உண்டு, பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. சதுரப் படம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கிட்டே போய்ப் படிக்கிறவர் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அளவெல்லாம்.

பல டேங்கர்களில் நான்கு இலக்கத்துக்கு மேல் இன்னொரு சிறு குறியீடும் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் டேங்கரில் 3 ஒய் ஈ என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். இது ஹாஸ்கெம் குறியீடு. லண்டன் தீயணைப்புத் துறையில் பிறந்தது. தீயணைப்பு வீரருக்கு, வண்டியிலிருந்து இறங்கும் முன்பே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும்.

முதலில் இருக்கும் எண் எதைக் கொண்டு அணைப்பது என்பது. 1 என்றால் பெரிய துளியாகத் தண்ணீர், 2 என்றால் பனிபோல் மெல்லிய தூவல், 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீரே படாத உலர்ந்த பொடி போன்றது. பெட்ரோலுக்கு 3, அதாவது நுரை. எரியும் பெட்ரோலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் மிதந்து தண்ணீரோடு ஓடி, தீயைப் பக்கத்துத் தெருவுக்கு எடுத்துச் செல்லும். வீட்டில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே என்று உம்மாமார் சொல்வார்களே, அதுபோலத்தான் இதுவும்.

அடுத்த எழுத்து வீரர்களின் உடைக்கும், கசிந்ததை என்ன செய்வது என்பதற்கும். ஆங்கில எழுத்தில் பி, ஆர், எஸ், டி என்று முன்னால் வருபவை என்றால் ஏராளமான தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யலாம். டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் என்று பின்னால் வருபவை என்றால் சாக்கடையிலும் நீர்நிலையிலும் போக விடாமல் மண் அணைத்துத் தடுக்க வேண்டும். நம் ஊரில் சாக்கடை எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். வாய்க்கால், வயல், முள்ளியாறு, ஆடு மாடு குடிக்கும் குளம். ஒரு மூட்டை மண்ணை மதகில் போடுவது சில நேரம் ஒரு போகத்தைக் காப்பாற்றும். பெட்ரோலுக்கு ஒய், தடுக்க வேண்டிய இனம். கந்தக அமிலத்துக்கு 2 பி, நீர்க்கச் செய்யும் இனம், ஆனால் உடல் முழுக்க மூடிய பாதுகாப்பு உடையோடு. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நாம் போய் ஊற்றும் வேலையல்ல அது.

கடைசியில் ஈ என்ற எழுத்து இருந்தால், சுற்றியிருக்கும் மக்களை வெளியேற்றுவது பற்றி யோசி என்று பொருள். நமக்கு இது ஒன்று போதும். ஈ கண்ணில் பட்டால் வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது.

ஐரோப்பாவில் வேறு மாதிரி, ஆரஞ்சு நிறப் பலகையில் மேலே இரண்டு மூன்று இலக்கம், கீழே நான்கு இலக்கம். மேலே 33, கீழே 1203 என்றால் எளிதில் தீப்பற்றும் பெட்ரோல். மேல் எண்ணுக்கு முன் எக்ஸ் எழுத்து இருந்தால் தண்ணீர் காட்டாதே என்று பொருள். கடல் கடந்து போய் டிரெய்லர் ஓட்டும் நம் பிள்ளைகளில் சிலர் இந்த ஆரஞ்சுப் பலகையைப் பார்த்திருக்கலாம். மேல் வரி எப்படி இருந்தாலும் கீழே இருக்கும் நான்கு இலக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

பெருநாளுக்கு முந்தின நாள்

2017 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் நோன்புப் பெருநாள். பாகிஸ்தானின் பஹாவல்பூர் மாவட்டத்தில் அஹ்மத்பூர் கிழக்கு என்ற ஊருக்கு அருகே, நெடுஞ்சாலையில் காலை நேரத்தில் பெட்ரோல் டேங்கர் ஒன்று கவிழ்ந்தது. பெட்ரோல் பள்ளத்தில் ஓடியது. பக்கத்துக் கிராமத்து மக்கள் வாளி, பாட்டில், பாத்திரம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், மோட்டார் சைக்கிளிலும் வந்தார்கள். சிறிது நேரத்தில் தீப்பற்றியது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்கள், பிள்ளைகள் அதில் உண்டு. பெருநாள் உடுப்பு எடுத்து வைத்திருந்த வீடுகளில் அடையாளம் தெரியாத உடல்கள் வந்து சேர்ந்தன.

அந்தச் செய்தியில் என்னை உலுக்கியது ஒரு விவரம். டேங்கர் கவிழ்ந்து பெட்ரோல் கசிகிறது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததாகவும், அதைக் கேட்டுத்தான் பலர் ஓடிப் போனார்கள் என்றும் அப்போது செய்தி நிறுவனங்கள் எழுதின. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். உள்ளே இருப்பது என்ன, அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அதே மைக்கில் யாரும் பக்கத்தில் போகாதீர்கள் என்று சொல்லியிருப்பார்.

அந்த மக்கள் ஏழைகள், இலவசம் என்றதும் ஓடினார்கள் என்று இங்கிருந்து சொல்வது சுலபம். நம் பக்கம் சாலையில் லாரி கவிழ்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? மீன் லாரி கவிழ்ந்தால் பை கொண்டு ஓடுகிறோம். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் ஜெனரேட்டருக்கு டீசலும் பெட்ரோலும் எத்தனை வீட்டில் தண்ணீர் கேனில் பிடித்து அடுப்படியில் வைத்திருந்தோம்? அடுத்தவர் சரக்கு என்பது தனிக் கேள்வி. ஹலால் ஹராம் பற்றி அதில் ஆலிம்கள் சொல்லட்டும். உயிர் போகும் கேள்வி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

பெட்ரோல் கண்ணுக்குத் தெரிகிறது, சமையல் கேஸ் தெரிவதில்லை. 2012 ஆகஸ்ட் 27 இரவு, கேரளாவில் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்தது. கசிந்த வாயு சாலையோர வீடுகளுக்குள் பரவித் தீப்பற்றியது. இருபது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் விபத்தில் சிக்கியவர்கள் அல்ல, தங்கள் வீட்டில் இருந்தவர்கள். ஓணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. 2024 டிசம்பர் 20 அதிகாலை, ஜெய்ப்பூர்-அஜ்மீர் நெடுஞ்சாலையில் கேஸ் டேங்கர் மீது லாரி மோதி, சாலையில் வரிசையில் நின்ற வண்டிகளெல்லாம் எரிந்தன.

அடுத்த இரண்டாவது வாரம், 2025 ஜனவரி 3 வெள்ளிக்கிழமை அதிகாலையில், நம் கோயம்புத்தூர் அவினாசி சாலை மேம்பாலத்தில் கொச்சியிலிருந்து வந்த கேஸ் டேங்கர் கவிழ்ந்தது. 18 டன் கேஸ், கசிவும் தொடங்கிவிட்டது. ஊருக்கு நடுவே. ஆனால் அன்று ஒருவரும் சாகவில்லை. தீயணைப்பு வீரர்கள் விடாமல் தண்ணீர் பீய்ச்சினார்கள். போக்குவரத்தைத் திருப்பினார்கள். சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். பல மணி நேரம் கழித்து கிரேன் வைத்துத் தூக்கி அப்புறப்படுத்தினார்கள். சாலாவிலும் ஜெய்ப்பூரிலும் உள்ளே இருந்த அதே 1075தான். இங்கே தீப்பொறி கிடைக்கும் முன் ஆட்களை அகற்றினார்கள்.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. மேலே போகாது. தண்ணீர் போல் பள்ளம் தேடித் தரையோடு போகும். திரவமாக இருப்பது வாயுவாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். காற்றில் நூறில் இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். எங்கோ ஒரு டீக்கடை அடுப்பு, ஒரு ஸ்விட்ச், ஒரு பைக் ஸ்டார்ட் போதும். டேங்கரைத் தீ சூழ்ந்துவிட்டால் உள்ளே கேஸ் கொதித்து, டேங்கே பிளந்து வெடிக்கும். வட அமெரிக்கத் தீயணைப்பினர் கையேடு, கேஸ் டேங்கரில் தீ என்றால் எல்லாப் பக்கமும் 1600 மீட்டர் தூரத்துக்கு ஆட்களை அகற்றச் சொல்கிறது. பெட்ரோல் டேங்கர் எரிந்தால் 800 மீட்டர். நம் பழைய பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு 1600 மீட்டர் எதுவரை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஊர் முடிந்துவிடும்.

நம் சாலையில் நடந்தால்

கிழக்குக் கடற்கரைச் சாலை வண்டிகளும், மன்னார்குடி, திருவாரூர், வேதாரண்யம் பக்கம் போகும் வண்டிகளும் நம் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. அல்லாஹ் காப்பாற்றட்டும், ஒரு நாள் டேங்கர் ஒன்று சாய்ந்து கிடப்பதைப் பார்த்தால், கிட்டே போகாமல் எட்ட நின்று பலகையைப் பாருங்கள். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படிக்கலாம், அதையும் தூரத்திலிருந்தே. பிறகு 112-க்கோ, தீயணைப்புக்கு 101-க்கோ சொல்லுங்கள். டேங்கர் கவிழ்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லாமல், "எண் 1075" என்று சேர்த்துச் சொன்னால், வருகிறவர்கள் தயாராக வருவார்கள். சமையல் கேஸ் கசிவுக்கு 1906 என்ற எண்ணும் உண்டு, வீட்டு சிலிண்டருக்கும் அதேதான்.

காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் தென்னங்கீற்றைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. நம் பகுதியில் பகலில் கடல்காற்று, இரவில் கரைக்காற்று, திசை மாறும். கேஸ் என்றால் பள்ளமான இடத்தில் நிற்காதீர்கள், வாய்க்காலுக்குள் இறங்கி ஒளியாதீர்கள். குளோரினும் கனமானது, காற்றைப் போல் இரண்டரை மடங்கு. அதில் மாட்டியவர் குனிந்து படுக்கக் கூடாது, மேடான இடத்துக்குப் போக வேண்டும். வண்டியில் வந்து கொண்டிருந்தால் தூரத்திலேயே நிறுத்தித் திருப்புங்கள். கசிவுக்குள் போய்விட்ட பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள், முடியாவிட்டால் போட்டுவிட்டு வாருங்கள்.

பள்ளிவாசல் மைக் பற்றி அறக்கட்டளையில் பேசினோம். முஅத்தின் அவர்களிடமும் பேசியிருக்கிறோம். காவல்துறையோ தீயணைப்புத் துறையோ சொன்னால், அல்லது கவிழ்ந்த வண்டியின் எண்ணை நேரில் பார்த்தவர் வந்து சொன்னால், அறிவிப்பு நான்கே வரிதான். எந்த இடம், யாரும் அங்கே போக வேண்டாம், அடுப்பையும் விளக்கையும் தொடாமல் இன்ன திசையில் வெளியேறுங்கள், வயதானவர்களை அழைத்து வாருங்கள். எல்லா மதத்தவருக்கும் கேட்கும் மைக் அது, தமிழில் மட்டும் சொன்னால் போதும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையே ஈமானின் ஒரு பகுதியாகக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. அந்த மைக்கை இதற்குப் பயன்படுத்துவதில் யாருக்கும் தயக்கம் இருக்கத் தேவையில்லை.

ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மஹல்லாவில் கனரக லைசென்ஸ் வைத்திருக்கும் இளைஞர்கள் பலர் டேங்கர் ஓட்டப் போகிறார்கள், சம்பளமும் கொஞ்சம் கூடுதல். அதற்குத் தனிப் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு வாங்க வேண்டும். 9-ஆம் விதிப்படி மூன்று நாள் பயிற்சி. ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், பலகையும் அட்டையும் ஆங்கிலத்தில் இருப்பதுதான் காரணம். சரக்கு பற்றிய அவசர அட்டை, ட்ரெம் கார்டு என்பார்கள், அது கேபினில் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், முதலாளியின் மேசையில் இருந்து பயனில்லை. வண்டியை நிறுத்தினால் தீயிலிருந்து பாதுகாப்பான இடம், அதைவிட்டு நகர்ந்தால் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட விவரம் தெரிந்த ஒருவர் காவல். விபத்து நடந்தால் பக்கத்துக் காவல் நிலையத்தில் உடனே சொல்ல வேண்டியது சட்டப்படி ஓட்டுநர் கடமை. ஓடிப் போனால் உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல ஆளில்லாமல் போய்விடும்.

காலி டேங்கரிலும் பலகையை மறைக்காதீர்கள். காலி என்பது திரவம் இல்லை என்பதுதான், ஆவி உள்ளே இருக்கிறது. நிறைந்த டேங்கை விடக் காலி டேங்கில் வெல்டிங் வைப்பது ஆபத்து. பட்டறை வைத்திருக்கும் சகோதரர்கள் பழைய எண்ணெய் டிரம்மை அறுக்கும் முன்பும் இதை நினைக்க வேண்டும்.

திரும்பவும் பேரலுக்கு வருகிறேன். பழைய பேரல் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. வட்டத்துக்குள் யு.என். எழுத்தும், பக்கத்தில் 1 எச் 1 என்பது போல் ஒரு நீண்ட குறியீடும் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகி இருந்தால், அது பேரலின் ரகம் மட்டும். ஆபத்தான சரக்குக்காகச் சோதித்துத் தயாரித்த பேரல் என்று தெரிந்துகொள்ளலாம், உள்ளே என்ன வந்தது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது காகித லேபிளில் இருக்கும் நான்கு இலக்கமும் சதுரப் படமும்தான். லேபிள் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தால், ஏன் சுரண்டினார்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் குடிநீருக்கும் நெல்லுக்கும் அரிசிக்கும் ஊறுகாய்க்கும் அந்தப் பேரல் வேண்டாம். வலிமா விருந்துக்கு வாடகைக்கு எடுப்பதற்கும் இதுதான்.

நாங்கள் வாங்கிய கடையில் போய்க் கேட்டபோது, அவர் லாட்டாக எடுத்ததாகவும், யாரும் இதுவரை கேட்டதில்லை என்றும் சொன்னார். பணத்தைத் திருப்பித் தந்தார். பேரலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். நாங்கள் தரவில்லை. தந்தால் அது வேறொரு வீட்டு மாடிக்குப் போயிருக்கும். இரண்டையும் யாரும் தண்ணீர் பிடிக்க முடியாதபடி அடியில் துளைகள் போட்டு ஒதுக்கிவிட்டோம். அந்தப் பையன் இப்போது மேலே சொன்ன எண்களைப் பெரிய தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறான், மதரஸா அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். நகல் வேண்டுவோர் ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். வீட்டில் பழைய பேரல் வைத்திருப்பவர்கள் லேபிளைப் படம் எடுத்து வந்தால் அவன் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.